உபதேசியாரின் சைக்கிளுக்குக் குரோம் பூச வேண்டாம்



சென்ற மாதம் ஆலயத்தின் பின்கட்டிலுள்ள சாமான் அறையை வெள்ளையடிப்பதற்காக ஒழித்தபோது, உடைந்த பெஞ்சுகளுக்கும் பழைய கிறிஸ்துமஸ் குடில் பலகைகளுக்கும் பின்னால் ஒரு சைக்கிள் அகப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். நம் சபையின் முதல் உபதேசியார் முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் மிதித்த ஹெர்குலிஸ் அது. டயர்கள் இல்லை. இருக்கையின் தோல் வெடித்துச் சுருண்டிருக்கிறது. அதைச் சபை விழாவிற்குள் “புத்தம் புதிதாக்கி” ஆலய முகப்பில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்துவதென்று வாலிபர் ஐக்கியம் தீர்மானித்து, ஒரு பட்டறையில் மதிப்பீடும் வாங்கி வந்துவிட்டது. அந்தத் தாள் இப்போது என் மேசைமீது இருக்கிறது. பழைய பூச்சை அமிலத் தொட்டியில் கழற்ற, சாண்ட் பிளாஸ்டிங் செய்ய, பவுடர் கோட்டிங் அடிக்க, ஹேண்டில்பார், ரிம், கிராங்க், பிரேக் கம்பிகள் அனைத்திற்கும் குரோம் ஏற்ற, மேலே பளபளவென்று லாக்கர் அடிக்க, பழைய பெயரைப் போலவே ஸ்டிக்கர் ஒட்ட, ஆக மொத்தம் 18,500 ரூபாய்.

இந்தத் தாளில் நான் கையெழுத்திட மாட்டேன். ஏன் என்பதை நின்றுகொண்டு இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன். வாலிபர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு மூத்த ஊழியரை நினைவுகூர விரும்பியது அவர்கள்தான். நாமெல்லாரும் அந்த அறையைப் பூட்டி வைத்திருந்தவர்கள். ஆனால் பழையதைப் போற்றுவதென்றால் அதைப் புதியதாக்கிவிடுவது என்று நம்மிடையே ஊறிவிட்ட எண்ணம் இருக்கிறதே, அதனோடு எனக்குப் பெரிய வழக்கு உண்டு.

முதலில் அந்தச் சைக்கிளைப் பாருங்கள். நான் சென்ற வாரம் மூன்று இரவுகள் ஒரு டார்ச் விளக்கோடு அதன் அருகே உட்கார்ந்து பார்த்தேன். ஹேண்டில்பாரின் வலக்கைப் பக்கம், பிடிக்குச் சற்று உள்ளே, குரோம் தேய்ந்து அதற்கு அடியிலுள்ள நிக்கல் இளமஞ்சளாகத் தெரிகிறது. மண்ணெண்ணெய் விளக்கையோ, பாடல் புத்தகங்கள் வைத்த பையையோ ஆண்டுக்கணக்காக அங்கே மாட்டியிருக்கிறார். மேல்குழாயில், இருக்கைக்கு முன்னால், நான்கு விரற்கடை இடைவெளியில் இரண்டு வளையத் தடங்கள் உள்ளன. எனாமல் அங்கே நசுங்கி, இரும்பு மின்னுகிறது. அது பிள்ளைகளை உட்கார வைக்கும் சிறு இருக்கையின் கவ்வி பிடித்த இடம். அந்த இருக்கையில் உட்கார்ந்து மந்தாரக்குப்பத்திற்கும் வடலூருக்கும் குறிஞ்சிப்பாடிக்கும் கூட்டங்களுக்குப் போன பெண்பிள்ளை இன்று அறுபது வயதைக் கடந்து, பெண்கள் பக்கத்தில் மூன்றாம் வரிசையில் நம்மோடு ஆராதிக்கிறார். பின் கேரியரின் கம்பிகள் இடப்பக்கமாகத் தாழ்ந்திருக்கின்றன. மட்கார்டின் உட்புறத்தில் அடை அடையாகச் செம்மண் ஒட்டியிருக்கிறது. முந்திரிக்காட்டுப் பாதைகளின் மண் அது. முன்குழாயின் அருகே ஒரு சிறு திருகுத் துளை. உள்ளூர் ஆட்சிக்குச் சைக்கிள் வரி கட்டி வாங்கிய தகர வில்லையை அங்கே முடுக்கியிருந்தார்கள். விளக்கில்லாமல் போனாலும் இருவர் ஏறிப் போனாலும் அபராதம் கட்டிய காலம் அது. இன்றைய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

மதிப்பீட்டுத் தாளின் முதல் வரி இவை அனைத்தையும் அரைமணி நேரத்தில் அழித்துவிடும். அதற்காக நாம் பணமும் கொடுப்போம்.

இதை வேறு ஊரில் ஒருவர் சொன்னால் வெறும் பழமைப்பற்று என்று தள்ளிவிடலாம். நெய்வேலியில் அப்படித் தள்ளக்கூடாது. நாம் எப்படிப்பட்ட ஊரில் வாழ்கிறோம் என்பதைச் சற்று எண்ணுங்கள். 1956இல் நிறுவனம் அமைந்தது. 1957 மே மாதம் சுரங்கம் வெட்டும் பணியைப் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். 1962இல் முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. அதே நிலையம் 2020இல் நிறுத்தப்பட்டும்விட்டது. இடையில் பிறந்து வளர்ந்தவர்கள் நாம். நம்மில் யாருக்காவது இந்த நகரியத்தில் பரம்பரை வீடு உண்டா? பணி ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைத்துவிட வேண்டும். அடுத்து வருகிறவருக்காகச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். கதவு நிலையில் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்து வைத்த பென்சில் கோடுகள் அதோடு போயின. நாம் நட்ட மாமரத்தின் பழத்தை வேறொருவர் பறிக்கிறார். சுரங்கம் விரிந்தபோது ஊரையே விட்டெழுந்த சுற்றுவட்டாரத்தாரின் நிலை நம்முடையதைவிடக் கடினமானது. அவர்களுக்குச் சுவரும் மிஞ்சவில்லை, அது நின்ற மண்ணும் மிஞ்சவில்லை. இப்படி மனிதரின் சுவடு எதையும் தன்மேல் தங்கவிடாத ஓரூரில், தங்கவிட்டது அவரவர் சைக்கிள்தான். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சுரங்கச் சாலை முழுவதும் கறுப்பாக ஓடிய அந்தச் சைக்கிள்களில் எத்தனை இன்று மிஞ்சியிருக்கின்றன? வீட்டைக் காலி செய்யும் நாளில் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போயின. தப்பியவற்றில் சில, கடற்கரைச் சாலை உணவகங்களில் நீலமும் மஞ்சளும் அடிக்கப்பட்டுப் பூத்தொட்டி சுமந்து நிற்கின்றன.

இனி, எதை அழிக்கப் போகிறோம் என்பதைத் தொழில் முறையிலும் சொல்ல வேண்டும். “பெயிண்ட்தானே ஐயா, போனால் அடித்துக்கொள்ளலாம்” என்று ஒரு தம்பி சொன்னார். அது அவ்வளவு எளிதானது அன்று. ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. ஆகிய வண்டிகளை நம் நாட்டில் செய்த டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல், முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் கூட்டுச் சேர்ந்து தொடங்கியது. அதன் ஆலை அம்பத்தூரில் இருந்தது. அந்தக் காலத்து வண்டியின் கறுப்பு, இன்று டப்பாவில் வாங்கித் தூரிகையால் தீற்றும் கறுப்பு அன்று. எனாமலைப் பூசி, உலையில் வைத்துச் சுட்டு இறுக்கியது. அதன்மேல் பொன்னிறக் கோடு. அதன்மேல் தண்ணீரில் நனைத்து ஒட்டிய பெயர்ப்படம். எல்லாவற்றுக்கும் மேலே தெளிந்த வார்னிஷ் அல்லது லாக்கர். (லாக்கர் என்ற சொல்லை ஆங்கிலம் என்று எண்ணாதீர்கள். அரக்குக்கு வடமொழியில் லாக்ஷா என்று பெயர். அந்தப் பெயர் மேற்கே பயணம்போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது.) நம் உபதேசியாரின் வண்டியில் பின் மட்கார்டின் ஓரத்தில் ஒரு சாண் நீளத்திற்கு அந்தப் பொன்கோடு இன்னும் பிழைத்திருக்கிறது. தின்னர் நனைத்த துணியை ஒருமுறை இழுத்தால் அது துணியோடு வந்துவிடும்.

பவுடர் கோட்டிங் நல்ல தொழில்தான். உங்கள் வீட்டு ஜன்னல் கம்பிக்கு அடியுங்கள். உலர்ந்த பொடியை மின்னூட்டத்தால் ஒட்டவைத்து, 180 முதல் 200 டிகிரி வெப்பத்தில் உருக்கிப் பரப்புவது அது. பழைய எனாமலைவிடத் தடித்த படலம். குழாய்கள் சேருமிடத்தின் கூரிய விளிம்புகளை அது மெழுகுபோல மூடிவிடும். ஃபிரேமில் அடித்த எண்ணின் பள்ளத்தை நிரப்பிவிடும். சைக்கிளைப் போலச் செய்த பொம்மை ஒன்றுதான் நம் கையில் மிஞ்சும்.

குரோமின் கதை இதைவிட மோசம். பளபளப்பிற்காக ஏற்றும் குரோம் படலம் ஒரு மைக்ரானில் பாதியளவுகூட இராது. நம் தலைமயிரின் பருமனில் நூற்றில் ஒரு பங்கும் இல்லை. உண்மையில் இரும்பைக் காப்பது அதற்கு அடியிலுள்ள நிக்கல். அந்த நிக்கலில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக ஈரம் இறங்கி, கீழே இரும்பு துருப்பிடித்து, அந்தத் துரு மேலே கசிந்து புள்ளி புள்ளியாகப் படிகிறது. நம் ஊரில் அனல்மின் நிலையங்களின் புகையிலுள்ள கந்தக வாயுவும் கடற்கரை மாவட்டத்தின் ஈரக்காற்றும் சேர்ந்து இதை விரைவுபடுத்தியிருக்கின்றன. ஆனால் கவனியுங்கள்: புள்ளிகளைச் சுற்றியுள்ள குரோம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. புதிதாகக் குரோம் ஏற்றவேண்டுமானால் இருப்பது முழுவதையும் அமிலத்தில் கழற்றி, துருக்குழிகள் மறையும் வரை இரும்பையே பஃபிங் சக்கரத்தில் தேய்க்க வேண்டும். குழி மறையும்போது எண்ணும் மறையும், விளிம்பும் மழுங்கும். குழாய்களின் உள்ளேயும் இணைப்புகளின் இடுக்கிலும் புகுந்த அமிலம் முழுவதும் கழுவப்படாமல் நின்றுவிட்டால், வெளியே கண்ணாடியாக மின்னும்போதே உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். கடினப்படுத்திய எஃகுப் பாகங்களுக்குள் ஹைட்ரஜன் புகுந்து அவற்றை நொறுங்கும்படியாக்கும் ஆபத்தும் உண்டு.

இதைப் படித்து மட்டும் எழுதவில்லை. செய்து கெட்டவன் எழுதுகிறேன்.

என் தந்தை நாசரேத்துப் பக்கத்திலிருந்து 1963இல் நெய்வேலிக்கு வந்து சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். ஓய்வுபெறும் நாள்வரை ஒரே சைக்கிள். அவர் மறைந்த மறுவருடம், அம்மாவை மகிழ்விப்பதாக எண்ணி, அந்த வண்டியை வேறோர் ஊரிலுள்ள பட்டறையில் கொடுத்தேன். அந்தப் பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம். அவர்கள் நான் கேட்டதைத்தான் செய்தார்கள். இரண்டு மாதம் கழித்து வண்டி வந்தது. வெயிலில் நிறுத்தினால் கண் கூசும். வாசலில் நிறுத்தி அம்மாவை அழைத்தேன். அவர் வெளியே வந்து, பார்த்து, “யார் வந்திருக்கா?” என்று கேட்டார்.

பின் மட்கார்டைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. சுரங்க வாயிலில் நூற்றுக்கணக்கில் நின்ற ஒரேமாதிரிக் கறுப்புச் சைக்கிள்களுக்கிடையே தன்னுடையதை அடையாளம் காண, அப்பா அதில் வெள்ளைப் பெயிண்டால் தம் பணியாளர் எண்ணை எழுதியிருந்தார். அவருடைய கையெழுத்து, ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுவார். நான் பள்ளிக்கூடம் போகும்போது அவருக்குப் பின்னால் ஓடிவந்து பார்த்த எண். ஐந்து இலக்கங்கள். இன்று எனக்கு நான்குதான் நினைவிருக்கிறது. பழைய தாள்களில் எங்கேனும் இருக்கும், தேடினால் எண் கிடைக்கும் என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். எண் கிடைக்கலாம். அந்தக் குறுக்குக் கோடு கிடைக்காது. எட்டு மாதத்தில், பெடல் அச்சு போகும் குழாயின் இணைப்பில் புது மெருகு கொப்புளித்து, உள்ளிருந்து பழுப்பு நீர் வடிந்தது.

அந்த வண்டியை வாங்கப் போன அன்று இன்னொன்றையும் பார்த்தேன்; அதை எழுதாமல் விட்டால் இந்த வழக்கில் பாதியை மறைத்தவனாவேன். தொட்டியருகே இருபது வயதிற்குள்ளான ஒரு பையன் நின்றான். கையில் உறையில்லை. மூக்கைச் சுற்றி ஒரு சிறு துண்டு. தொட்டியிலிருந்து மஞ்சள் கலந்த ஆவி எழுந்துகொண்டிருந்தது. எனக்கு இரண்டு நிமிடத்தில் தொண்டை எரிந்தது. “உனக்கு எரியவில்லையா தம்பி?” என்று கேட்டேன். “பழகிடுச்சு ஐயா. மூக்குல இப்போ எந்த வாசனையும் தெரியாது” என்றான். அதைப் பெருமையாகச் சொன்னான் என்பதுதான் என்னை இன்றுவரை வருத்துகிறது.

அது என்ன ஆவி என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். குரோம் தொட்டியில் இருப்பது குரோமிக் அமிலம். குரோமியத்தின் ஆறு இணைதிற வடிவம். தொட்டியில் பாய்ச்சும் மின்சாரத்தில் சிறு பங்குதான் உலோகத்தைப் படியவைக்கிறது; மற்றதெல்லாம் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் குமிழிகளாக எழுப்புகிறது. ஒவ்வொரு குமிழியும் வெடிக்கும்போது அமிலத் துளிகளைக் காற்றில் தெளிக்கிறது. அதை நாள்தோறும் சுவாசித்தவர்களின் மூக்கின் நடுத்தண்டில் புண் உண்டாகி, பின்னர் துளையே விழுந்துவிடுகிறது. தொழில்சார் நோய்களின் நூல்களில் இது நூறாண்டுக்கு மேற்பட்ட பழைய செய்தி. இது நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1990இல் உறுதியாக வகைப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பருக்குப் பிறகு தனி அனுமதி பெறாமல் இந்த அமிலத்தின் மூலப்பொருளைப் பயன்படுத்தக் கூடாது என்று விதித்தது. தொட்டிக்கு உறிஞ்சுகுழாய் வைத்து, தொழிலாளிக்கு உறையும் முகக்கவசமும் தந்து, கழிவைச் சுத்திகரித்து நடத்தும் ஆலைகளும் உண்டு. மூன்று இணைதிற குரோமியத்தைப் பயன்படுத்தும் தீங்கு குறைந்த முறையும் உண்டு. ஒரு பழைய சைக்கிளின் இரண்டு ரிம்மையும் நான்கு கம்பியையும் அவர்கள் தேடி வாங்கிச் செய்வார்களா? அது போவது சந்துப் பட்டறைக்குத்தான்.

கழிவு எங்கே போகும் என்பதற்கு நாம் தொலைவில் சாட்சி தேட வேண்டியதில்லை. இராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. தோல் பதனிடுதல் முதலியவற்றுக்கான குரோமிய உப்புகளைச் செய்த ஆலை அது. சைக்கிளுக்கு மெருகேற்றியதன்று, அதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் நச்சு இரண்டிடத்திலும் ஒன்றே. ஆலை போன பிறகும் இலட்சக்கணக்கான டன் கழிவு அங்கேயே மலைபோலக் கிடந்தது. சுற்றுப்புறத்து நிலத்தடி நீர் மஞ்சளானது. 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் உலகிலேயே மிகவும் மாசடைந்த பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது, செர்னோபிலோடு இராணிப்பேட்டையின் பெயரும் அதில் இருந்தது. அங்கும் நம்மைப்போல் ஞாயிறுதோறும் ஆராதிக்கிற சபைகள் உண்டு. அவர்கள் கிணற்றில் போனது எதற்காக என்றால், ஒன்று மெருகுக்காக, ஒன்று மிருதுவுக்காக.

இனி எனக்கு வந்த மறுப்புகளுக்கு வருகிறேன். வாலிபர் செயலாளர் ஒரு வசனத்தோடு வந்தார். துருவைப் பற்றி இயேசு சொன்னதைக் காட்டி, “துரு கெடுக்கும் என்று வேதமே சொல்கிறதே ஐயா, நாம் அதை நீக்கத்தானே பார்க்கிறோம்” என்றார். சிரித்துவிட்டேன், சாமர்த்தியமான பிள்ளை. அந்தப் பகுதி பொக்கிஷம் சேர்த்துக் குவிப்பவனுக்குச் சொன்னது. துருவுக்கு அஞ்சிப் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு முலாம் பூசச் சொன்னதன்று. வசனத்திற்கு வசனம் என்று நான் இறங்கினால், சுண்ணாம்பு பூசிய கல்லறைகளைப் பற்றி அவர் சொன்னதை எடுக்க வேண்டிவரும். வேண்டாம்.

இரண்டாவது மறுப்புக்கு எடை உண்டு. “வெளியூர்ச் சபைகளிலிருந்து வருகிறவர்கள் பார்ப்பார்கள். துருப்பிடித்த வண்டியை நிறுத்தினால், ஊழியரைக் கவனிக்காத சபை என்று நினைக்க மாட்டார்களா?” ஒரு மூப்பர் இதைக் கேட்டார். நினைக்கட்டும். உண்மை அதுதானே? அவர் மறைந்து இத்தனை ஆண்டுகளில் அவருடைய வண்டியைக் குடில் பலகைகளுக்குப் பின்னால் போட்டு வைத்திருந்தோம். அதை மறைக்கத்தான் குரோம் கேட்கிறோம் என்றால், நாம் மெருகேற்ற விரும்புவது சைக்கிளை அன்று, நம்மை.

மூன்றாவது: “அப்படியானால் பழைய சைக்கிள் எதையுமே தொடக்கூடாதா?” நான் அப்படிச் சொல்லவில்லை. உங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் போக ஒரு பழைய வண்டியைச் சீர்செய்கிறீர்கள் என்றால், துருவைச் சுரண்டி, ரெட் ஆக்ஸைடு பூசி, மேலே கடையில் விற்கும் எனாமலை அடித்து, புது பிரேக் கட்டை போட்டுக் கொடுங்கள். பாதுகாப்புக்கு முன்னால் நினைவு இரண்டாவதுதான். ஃபிரேமில் விரிசல் இருந்தால் பற்றவைத்துத்தான் ஆகவேண்டும். ஏற்கெனவே மூன்றுமுறை யாரோ தீற்றிய பெயிண்டில் புனிதம் எதுவுமில்லை. நினைவுக்காக நிறுத்துகிற வண்டியைப் பற்றித்தான் என் வழக்கு. ஓட்டப்போவதில்லை என்று முடிவான வண்டிக்கு மழை தாங்கும் பூச்சு எதற்கு?

சரி, அப்படியே துருவோடு நிறுத்துவதா? அதுவும் வேண்டாம். துரு தானாக நிற்காது. அதை நிறுத்த வேண்டும். போன வியாழக்கிழமை இரவு ஹேண்டில்பாரில் இரண்டு அங்குலம் மட்டும் செய்து பார்த்தேன். சாக்லேட்டைச் சுற்றி வரும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் சிறு வட்டமாகத் தேய்த்தேன். அலுமினியம் குரோமைவிட மிருதுவானது. குரோமில் கீறல் விழாது, மேலே படிந்த துரு மட்டும் கறுத்த குழம்பாக வந்துவிடும். துடைத்துப் பார்த்தால், அடியில் அம்பத்தூரில் ஏற்றிய அதே குரோம். ஊசிமுனைக் குழிகள் சில இருக்கின்றன, இருக்கட்டும். டார்ச் விளக்கின் ஒளி அதில் நேராக விழுந்து திரும்பியபோது எனக்கு உண்மையாகவே மயிர்க்கூச்செறிந்தது. பட்டறைக்குப் போயிருந்தால் இதைத்தான் முதலில் கழற்றிக் கொட்டியிருப்பார்கள்.

எனாமலுக்கு முறை வேறு. முதலில் உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசியை மட்டும் தட்ட வேண்டும். பிறகு மிருதுவான சோப்பு சிறிதளவு கலந்த நீரில் பஞ்சைப் பிழிந்து துடைத்து, உடனே உலர்த்த வேண்டும். பொன்கோட்டையும் பெயர்ப்படத்தையும் தொடுவதற்கு முன், கண்ணில் படாத ஓரிடத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும்; பஞ்சில் நிறம் ஏறினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குக்கு மட்டும் மண்ணெண்ணெய் நனைத்த துணி. எனாமல் உதிர்ந்து இரும்பு துருப்பிடித்துள்ள இடங்களுக்கு, அருங்காட்சியகங்களில் டானிக் அமிலக் கரைசலைப் பூசுகிறார்கள். அது துருவோடு சேர்ந்து நீலங்கறுப்பான, நிலையான படலமாக மாறுகிறது. நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதுவும் இதே வேதியியல்தான்; கடுக்காயில் இருப்பது டானின், அன்னபேதியில் இருப்பது இரும்பு. உலர்ந்தபின் முழு வண்டிக்கும் மெல்லியதாக மெழுகு தேய்த்துப் பளபளப்பின்றித் துடைத்துவிட்டால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடிப் பெட்டி செய்தே ஆகவேண்டும் என்றால், காற்றுப் போக வழி விடுங்கள். அடைத்த பெட்டிக்குள் மழைக்கால ஈரம் தங்கினால் நம் உழைப்பு வீண்.

மட்கார்டின் உட்புறச் செம்மண்ணைப் பற்றி எனக்கே முடிவு எட்டவில்லை. மண் ஈரத்தைப் பிடிக்கும், இரும்புக்கு நல்லதன்று. ஆயினும் அவர் போன வழியெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஒரு பக்கத்தை விட்டு மறுபக்கத்தைச் சுத்தம் செய்யலாமா என்று யோசிக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

எல்லாமாக ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். 18,500 ரூபாயில் மீதத்தைக் குறித்து ஒரு வேண்டுகோள் உண்டு. நம் வாலிபரில் இருவர் இப்போது வெளியூரில் முலாம் பூசும் வேலையிலும் பெயிண்ட் அடிக்கும் வேலையிலும் இருக்கிறார்கள். அமில ஆவியைத் தடுக்கத் தக்க முகக்கவசம் எது, கையுறை எது, அவற்றை எத்தனை நாளுக்கொருமுறை மாற்றவேண்டும் என்பதைத் தெரிந்த ஒருவரிடம் கேட்டு, அவர்களுக்கும் அவர்களோடு வேலை செய்கிறவர்களுக்கும் வாங்கிக் கொடுப்போம். செயற்குழுவில் இதை நான் முன்மொழிவேன். எதிர்ப்பவர்கள் அங்கே எதிர்க்கலாம்.

வருகிற சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு ஆலயத்தின் பின்கட்டில் வேலையைத் தொடங்குகிறோம். பழைய பருத்தி வேட்டிகளைக் கிழித்துக் கொண்டுவாருங்கள். பிள்ளைகள் சாக்லேட் தாள்களைச் சேர்த்து வைக்கட்டும். உபதேசியாரின் மகள் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மேல்குழாயில் உள்ள அந்த இரண்டு வளையத் தடங்களை அவர் இன்னும் பார்க்கவில்லை. அவர் வருமுன் யாரும் அந்த இடத்தைத் துடைக்கவேண்டாம். தின்னர் பாட்டில் எவர் கையிலும் இருக்கக்கூடாது.